ஆம்ப்ளிஃபையரில் போலிச் சாமான்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் போலிச் சாமானைப் பற்றியவை. கோயில் பணத்தில் வாங்கியது வீணாகிறதே என்ற வருத்தம் எல்லாக் கடிதத்திலும் தெரிகிறது.

ஐயா, எங்கள் தோட்டக் கோயில் ஆம்ப்ளிஃபையரில் பவர் டிரான்சிஸ்டர் போய்விட்டது. 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 ஜோடி இணையத்தில் நாலு வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைத்தது. மாற்றினோம், நன்றாகப் பாடியது. தீமிதியன்று சத்தத்தைக் கூட்டியதும் புகைந்துவிட்டது. மாற்றியவர் தப்பா, சாமான் தப்பா?

அறிகுறியைப் பார்த்தால் சாமான் மேல்தான் சந்தேகம். இந்த ஜோடி தோஷிபாவினுடையது. 230 வோல்ட், 15 ஆம்பியர், 150 வாட் என்பது இதன் அளவு. போலி அதிகம் வரும் சாமான்களில் இதுவும் ஒன்று. திறன் குறைந்த சின்ன சிலிக்கான் சில்லை (சிப்) அதே பெரிய கருப்பு உறைக்குள் வைத்து, மேலே பெயரை அச்சடித்துவிடுகிறார்கள். மல்டிமீட்டரில் டையோடு சோதனை செய்தால் நல்லது போலவே காட்டும். மெதுவாகப் பாடும்போதும் தெரியாது. சத்தம் கூடி, சூடு ஏறும்போதுதான் சின்ன சில்லு தாங்காமல் வெந்துபோகும்.

செத்ததைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வைஸில் பிடித்துக் கருப்பு உறையை உடையுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே உலோகத் தகட்டின் மேல் சதுரமாகச் சிலிக்கான் சில்லு ஒட்டியிருக்கும். ஆம்ப்ளிஃபையரோடு வந்த பழைய டிரான்சிஸ்டர் கைவசம் இருந்தால் அதையும் உடைத்துப் பக்கத்தில் வையுங்கள். புதியதன் சில்லு பாதி அளவுகூட இல்லையென்றால் வேறு சாட்சி வேண்டாம்.

அடுத்த முறை ஈயம் வைப்பதற்கு முன்பே சோதிக்கலாம். கெப்பாசிட்டன்ஸ் (மின்தேக்கு அளவு) மீட்டரை டிரான்சிஸ்டரின் பேஸ், கலெக்டர் என்ற இரண்டு கால்களுக்கும் நடுவே வையுங்கள். சில்லு சின்னதானால் இந்த அளவும் குறையும். தோஷிபா தரும் அளவு 10 வோல்டில் 5200-க்கு 200 பிகோஃபாரட், 1943-க்கு 360. கைமீட்டர் அந்த 10 வோல்ட்டைக் கொடுப்பதில்லை, அதனால் நல்ல சாமான் இதைவிடக் கூடவே காட்டும். இதற்குக் கீழே காட்டினால் ஆம்ப்ளிஃபையருக்குள் போடாதீர்கள்.

மாற்றாக ஆன்செமி கம்பெனியின் எம்ஜேஎல்3281ஏ, எம்ஜேஎல்1302ஏ ஜோடியைப் பார்க்கலாம். தோஷிபாவிலேயே டிடிசி5200, டிடிஏ1943 இருக்கிறது. எலிமென்ட்14, ஆர்எஸ், மவுசர் போன்ற அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் வாங்குங்கள். விலை கூடத்தான் செய்யும், ஆனால் திருவிழா நடுவில் நிற்காது. அப்புறம் இன்னொன்று: மாற்றியதும் நேராக கரண்டில் சொருகாதீர்கள். கரண்ட் பல்பு வழியாகவே ஆம்ப்ளிஃபையருக்குப் போகும்படி, பழைய 100 வாட் இழை பல்பை சீரீஸில் (தொடராக) போட்டு முதலில் ஏற்றுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே இன்னும் ஷார்ட் இருக்கிறது. பவர் டிரான்சிஸ்டரை இயக்கும் டிரைவர் டிரான்சிஸ்டர்களையும், எமிட்டர் காலில் உள்ள ரெசிஸ்டர்களையும் பாருங்கள். அவை கெட்டுப்போயிருந்தால் அசல் டிரான்சிஸ்டரும் செத்துவிடும்.

பவர் சப்ளை கெப்பாசிட்டர் வீங்கிவிட்டது. போலியாக இருக்குமா அண்ணே?

வீங்கியதெல்லாம் போலி இல்லை தம்பி. எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டருக்கு ஆயுள் உண்டு. சூடு 10 டிகிரி கூடினால் அது ஏறக்குறைய பாதியாகும். தகரக் கூரைக்கு அடியில், காற்றுத் துளையை அடைத்து வைத்திருந்தால் நல்ல கம்பெனிச் சாமானும் சீக்கிரம் போகும். பெரிய டப்பாவுக்குள் சின்ன கெப்பாசிட்டரை ஒளித்து விற்பதும் நடக்கிறதுதான், அதனால் புதிதாக வாங்கியதை அளந்து பாருங்கள். 105 டிகிரி வரை தாங்கும் என்று போட்டதை வாங்குங்கள், பழையதன் வோல்ட்டுக்குக் குறையவே கூடாது. கழற்றுவதற்கு முன் ரெசிஸ்டர் வைத்து மின்சாரத்தை வடித்துவிடுங்கள். இதில் அவசரம் வேண்டாம்.

பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) ஷூர் எஸ்எம்58 மைக் 80 வெள்ளிக்கு வாங்கினேன். அசலா?

அந்த விலைக்கு அசல் வராது. தராசில் வையுங்கள், அசலின் எடை 298 கிராம். ஆனால் எடையை மட்டும் நம்பாதீர்கள்; சரியான எடைக்குச் செய்த போலியும் இருக்கலாம். அறிவிப்பு சொல்ல ஒலி போதும் என்றால் பயன்படுத்துங்கள், அசல் என்று சொல்லி யாருக்கும் விற்காதீர்கள்.

கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார். என்ன செய்வது?

உள்ளூர்க் கடை என்றால் மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் கோரலாம். பதிவுக் கட்டணம் 5 வெள்ளிதான். ரசீதையும், விளம்பரத்தில் "அசல்" என்று போட்டிருந்தால் அதன் படத்தையும் எடுத்துச் செல்லுங்கள்.

ஸ்பீக்கர் ஒயர் வெளியே செம்பு நிறம், வெட்டினால் உள்ளே வெள்ளை. பரவாயில்லையா?

அது செம்பு பூசிய அலுமினியம். செம்பைவிட மின்தடை கூட, மடக்கினால் சீக்கிரம் முறியும். கோயில் வாசலிலிருந்து லயத்து (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) கடைசி வரை இழுக்க இது வேண்டாம். முழுச் செம்பு ஒயர் கேட்டு வாங்குங்கள். வாங்குமுன் ஓர் இழையைப் பிளேடால் சுரண்டிப் பார்த்தாலே போதும்.