செந்தூலில் ஓர் அரங்கம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் கோலாலம்பூர் செந்தூலில் பிறந்து வளர்ந்தவன். கேஎல்பேக் என்கிற கோலாலம்பூர் நிகழ்கலை மையத்தின் அரங்கம் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். ஆனாலும் அது வேறு யாருக்கோ கட்டியது மாதிரியே இருக்கிறது. தமிழ் நாடகத்துக்கென்று கோலாலம்பூரில் தனி அரங்கம் கேட்டு நண்பர்கள் மனு எழுதுகிறோம். கையெழுத்துப் போடுவீர்களா?

ம.

அன்புள்ள ம.,

நடக்கிற தூரம் என்கிறீர்கள். கடைசியாக எந்த நாடகத்துக்கு நடந்து போனீர்கள் என்று எழுதவில்லையே, தம்பி?

‘வேறு யாருக்கோ’ என்பதை விடுங்கள். அது பழைய ரயில்வே கட்டடம். செந்தூல் பட்டறையில் என் பெரியப்பாவும் வேலை பார்த்தார்; எத்தனை துவைத்தாலும் அவர் காக்கிச் சட்டையில் எண்ணெய் வாடை போகாது. அந்த இடத்தில் நமக்கு யாரும் அனுமதி தர வேண்டியதில்லை.

டத்தாரான் மெர்டேக்கா சதுக்கத்துக்கு அடியில் இருந்த, ஆக்டர்ஸ் ஸ்டுடியோ நாடகக் குழுவின் அரங்கம் 2003 வெள்ளத்தில் மூழ்கியது. குழுவைத் தொடங்கிய ஃபரிடா மெரிக்கனும் ஜோ ஹாஷாமும் சோர்ந்து உட்காரவில்லை. 2005இல் செந்தூலில் கேஎல்பேக் திறந்தது. ஒய்டிஎல் நிறுவனம் கைகொடுத்தது, உண்மைதான். ஆனால் 1989இலிருந்து நாடகம் போட்டு, டிக்கெட் வாங்கிப் பார்க்கும் ஒரு கூட்டத்தை அவர்கள் முதலில் சேர்த்து வைத்திருந்தார்கள்.

நம் கதை என்ன? அண்மையில் ஒரு தமிழ் நாடகத்துக்குப் போனேன். டிக்கெட் நாற்பது வெள்ளி. எனக்கு முன்னால் நின்றவர் கார் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே, “தலைவர் நமக்கு வேண்டியவர், பாஸ் எடுத்து வெச்சிருப்பாரே” என்றார். புக்கிட் ஜாலில் ஸ்டேடியத்துக்கு சினிமா நட்சத்திரம் வந்தால் இதே மனிதர் முந்நூறு வெள்ளியை முணுமுணுக்காமல் எடுத்து வைப்பார். எட்டு மணி நாடகம் எட்டே முக்காலுக்குத்தான் தொடங்கியது. முன்வரிசைக்கு வரவேண்டியவர் வரவில்லையாம். வந்தபிறகு மாலை, பொன்னாடை, உரை. திரைக்குப் பின்னால் பிள்ளைகள் மேக்கப் வியர்வையில் கரைய நின்றார்கள். பரதநாட்டிய மேடையிலும் இதே கூத்து: தன் மகள் ஆடி முடித்ததும் தாத்தா பாட்டி உட்பட மொத்தக் குடும்பமும் எழுந்து போய்விடும். அடுத்த பெண் காலி நாற்காலிகளுக்கு முன்னால் அலாரிப்பைத் தொடங்குவாள். அந்தப் பெண்ணுக்கு எந்த மண்டபத்தைக் கட்டிக் கொடுத்து என்ன செய்ய?

கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த வயதில் நாடகத்துக்காக மனு எழுதும் பிள்ளைகள் இருப்பதே எனக்கு மகிழ்ச்சி. அனுப்புங்கள், கையெழுத்துப் போடுகிறேன். முன்வரிசைக்கும் டிக்கெட் உண்டு என்று அதில் ஒரு வரி மட்டும் சேர்த்துவிடுங்கள்.