"எனக்குப் பிறகு இவனை யாருங்க பார்ப்பா?"

கேள்வி: லயத்தில் (தோட்டத்து வரிசை அறைகளில்) இருக்கிற எல்லோருக்கும் இன்னும் வீடு கிடைத்தபாடில்லை. நீங்களோ முதியவர்களுக்கும் மனநோய் உள்ளவர்களுக்கும் ஆள் துணையோடு தனி வீடு வேண்டும், அதற்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்று இரண்டு இதழ்களாக எழுதி வருகிறீர்கள். என் தங்கச்சி இங்கிலாந்தில் அப்படி ஓர் இடத்தில்தான் வேலை செய்கிறாள். அது பணக்கார நாடு, அவர்களுக்குச் சரி. நமக்கு முதலில் எல்லோருக்கும் கூரை, அப்புறம் மற்றவை என்று போவதுதானே முறை?
- வாசகர், ஹட்டன்

பதில்: முறை அதுவல்ல என்றுதான் நினைக்கிறேன். 'முதலில் எல்லோருக்கும்' என்கிறீர்கள். அந்த 'எல்லோரிலும்' இவர்கள் இல்லை என்பதுதான் எங்கள் வாதமே.

மலையக வீடமைப்பின் கணக்கு குடும்பத்துக்கு ஒரு வீடு, 7 பேர்ச் காணி. இந்திய உதவியில் 4,000 வீடுகள் எடுக்கப்பட்டன. 2017 மே மாதம் நோர்வூட்டில் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். அவற்றின் முதற்கட்டத்துக்கு 2024 பெப்ரவரியில்தான் அடிக்கல் வைத்தார்கள். இந்த வேகத்தைப் பார்த்துத்தான் நீங்கள் கூரையை முதலில் கேட்கிறீர்கள் என்பது புரிகிறது. ஆனால் அந்தக் கணக்கில் குடும்பம் என்பது யார்? செக்ரோல் என்கிற வேலையாள் பதிவேட்டில் பேர் வெட்டப்பட்டு, மகனின் காம்பரா (லய அறை) இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், படுத்துக் கிடக்கிற பாட்டி தனிக் குடும்பம் இல்லை. கொழும்பில் வீட்டு வேலை செய்து வயது போய்த் திரும்பி வந்த அக்காவுக்குத் தோட்டத்தில் பேரே இல்லை. மனநல வார்ட்டிலிருந்து துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய தம்பிக்கு எந்தப் பட்டியலிலும் இடம் இல்லை.

வீட்டுப் பட்டியல் பற்றிய கூட்டங்களுக்கு நான் அடிக்கடி போகிறேன். ஆட்கள் கலைந்த பிறகு யாராவது ஓர் அம்மா தயங்கித் தயங்கிக் கிட்ட வருவார். பக்கத்தில் முப்பது, முப்பத்தைந்து வயது மகன், அவர் கையைப் பிடித்தபடி. "எனக்குப் பிறகு இவனை யாருங்க பார்ப்பா?" தோட்டம் மாறும், அந்தக் கேள்வி மாறாது. கூட்டத்தில் எழுந்து கேட்க அவருக்குக் கூச்சம். அவருக்குப் பதிலாக நாம் எழுந்து கேட்க வேண்டாமா?

லயத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 10க்கு 12 அடிக் காம்பராவில் வளர்ந்தவன் நான், அதை ஒரு நாளும் புகழ மாட்டேன். ஆனால் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் இருந்தது. இராத்திரி இருமல் நிற்காவிட்டால் பக்கத்துக் காம்பரா அக்கா சுக்குத் தண்ணியோடு வந்து நிற்பார். தண்ணீர்ப் பீலிக்குப் போகிற பிள்ளை பாட்டியின் குடத்தையும் சேர்த்து நிரப்பி வரும். "மாத்திர போட்டாச்சா?" என்று இஸ்தோப்பிலிருந்தே ஒரு குரல் கேட்கும். சம்பளம் இல்லாமல், எந்தக் கணக்கிலும் ஏறாமல் கிடைத்த துணை அது. பெரும்பாலும் நம் பெண்கள், தேயிலை மலையில் முதுகு ஒடிய நின்றுவிட்டு வந்து கொடுத்த துணை. இப்போது இளம் குடும்பங்கள் தனி வீட்டுக்குப் போகின்றன. போகத்தான் வேண்டும், அது அவர்கள் உரிமை. பிள்ளைகள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போகிறார்கள். மிஞ்சுவது பாதி காலியான லயம், அதன் கோடிக் காம்பராவில் தனியாக ஒரு கிழவர். புது வீடு ஒவ்வொன்றாக எழும்ப எழும்ப இவரைச் சுற்றி இருந்த ஆட்கள் ஒவ்வொருவராகக் குறைகிறார்கள். அதனால்தான் உங்கள் வரிசை இங்கே பொருந்தாது என்கிறேன். லயம் காலியாகிற அதே நாளில் இவருக்கும் ஏற்பாடு இருக்க வேண்டும்.

அந்த ஏற்பாட்டை நாங்கள் துணை வீடு என்கிறோம். புதிய வீட்டுத் தொகுதி ஒவ்வொன்றிலும் பாதைக்குப் பக்கத்தில், படி ஏறி இறங்க வேண்டாத இடத்தில், நாலைந்து சின்ன வீடுகள். அவரவர்க்குத் தன் கதவு, தன் அடுப்பு. கூடவே சம்பளத்துக்கு ஓர் ஆள்: காலையில் எட்டிப் பார்க்க, மாத்திரையை நினைவூட்ட, கிளினிக் நாளில் கூட்டிப்போக, பிரதேச செயலகத்தில் படிவம் நிரப்பிக் கொடுக்க. தமிழ் பேசுகிற, அந்தத் தோட்டத்தையே சேர்ந்த ஆளாக இருந்தால் நல்லது. அங்கொடை மனநல மருத்துவமனைக்கோ, பாஷை புரியாத தூரத்து இல்லத்துக்கோ அனுப்பிவிட்டால் அந்த மனிதர் இன்னும் ஒடுங்கிப் போகிறார்.

தோட்டத்துக்கு இது புதிய யோசனையும் இல்லை. கொழுந்தெடுக்கத் தாயின் கை மலையில் தேவைப்பட்டபோது பிள்ளை மடுவம் வந்தது. பிள்ளையைப் பார்க்க ஓர் ஆயாவுக்குச் சம்பளம் போட்டார்கள். அன்று தாயை மலைக்கு அனுப்ப ஆள் வைக்க முடிந்தது. 40 வருசம் கொழுந்தெடுத்தவளைக் கடைசிக் காலத்தில் பார்க்க ஆள் வைப்பது மட்டும் எப்படி ஆடம்பரம் ஆகும்? பெற்ற பிள்ளைகள் பார்க்கட்டும் என்பார்கள். 2000ஆம் ஆண்டின் மூத்தோர் உரிமைச் சட்டமும் பெற்றோரைக் கைவிடக் கூடாது என்கிறது. சரி, ஆனால் மகள் ஒரு நாள் மலைக்குப் போகாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. பாசம் இருந்தும் காம்பராவைப் பூட்டிவிட்டுப் போகிற மகள்களை எனக்குத் தெரியும்.

இங்கிலாந்து விஷயத்தையும் பேசிவிடுவோம். அங்கே 2003இல் இந்தத் துணைக்கென்றே 'சப்போர்ட்டிங் பீப்பிள்' என்று தனி நிதி தொடங்கினார்கள். வேறெதற்கும் அதைத் தொடக்கூடாது என்ற கட்டு இருந்தது. 2009இல் அந்தக் கட்டை எடுத்தார்கள். பிறகு உள்ளூராட்சி சபைகளின் வருமானம் வெட்டப்பட்டபோது இந்தப் பணம் பெரிதாகக் கரைந்தது. இன்றும் அங்கே உள்ளவர்கள் இதற்காகக் குரல் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், தங்கச்சியிடம் கேட்டுப் பாருங்கள். பணக்கார நாடு என்பதால் தானாக வந்ததும் இல்லை, வந்தது தானாக நிலைத்ததும் இல்லை. அங்கிருந்து நாம் எடுக்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. கட்டடத்துக்குப் பணம் கிடைப்பது சுலபம், நாடா வெட்டலாம், பலகை வைக்கலாம். மாதா மாதம் அந்த ஆளுக்குச் சம்பளம் வர வேண்டுமே, அதற்கு நாடா இல்லை. ஆகவே நாம் கேட்கும்போதே இரண்டையும் தனித்தனித் தொகையாகக் கேட்க வேண்டும், பின்னதை வேறு எதற்கும் திருப்ப முடியாதபடி.

யாரிடம் கேட்பது? 13ஆம் திருத்தத்தின்படி மாற்றுத்திறனாளிகளின் நலன் மாகாண சபையின் பொறுப்பு. மத்திய மாகாணத்தில் கடைசித் தேர்தல் 2013இல், ஊவாவில் 2014இல் நடந்தது. சபைக் காலம் முடிந்தும் பல வருடங்கள் ஆகின்றன. பிரதேச சபை இருக்கிறது. 2018 வரை சட்டமே அதைத் தோட்டத்துக்குள் செலவு செய்ய விடவில்லை, இப்போது அந்தத் தடை இல்லை. 2025 மே மாதம் நீங்களே வாக்களித்து ஆட்களை அனுப்பியிருக்கிறீர்கள். கொழும்பு அரசும் கை கழுவ முடியாது. யாரோடு, எங்கே வாழ்வது என்பதை மாற்றுத்திறனாளி தானே தெரிவு செய்யலாம், அதற்கு வேண்டிய உதவி அவர் வாழ்கிற சமூகத்துக்குள்ளேயே கிடைக்க வேண்டும் என்கிற ஐ.நா. உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இன்னொன்று, இதற்குக் காத்திருக்கவே முடியாது. மீரியாபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை லயங்கள் மண்ணுக்குள் போனதை மறக்க மாட்டோம். 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது மலையெங்கும் மண் சரிந்தது. "வெளியேறுங்கள்" என்று எச்சரிக்கை வரும். நடக்க முடியாதவரை யார் தூக்குவது என்பதை அந்த மழைக்குள் நின்றுதான் பேச வேண்டியிருக்கிறது. சரிவில் வீடிழந்தவர்களுக்குப் புதிய இடம் பார்க்கும்போதே துணை வீட்டுக்கும் காணி ஒதுக்கச் சொல்லுங்கள்.

உங்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். உங்கள் தோட்டத்தில் மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என்ற இரண்டு பிரிவுகளிலும் லயம் லயமாகப் போய்த் தனியாக வாழ முடியாதவர்கள் எத்தனை பேர், அவர்களை இப்போது யார் பார்க்கிறார்கள், பார்ப்பவருக்கு என்ன வயது என்று எழுதி அனுப்புங்கள். பெயர்கள் வேண்டாம். மாதர் சங்கத்து அக்காமாரைக் கூட்டிக்கொண்டு போனால் சரியான கணக்கு வரும், அவர்களுக்குத் தெரியாத காம்பரா இல்லை. பிரதேச சபையின் அடுத்த வருடப் பாதீடு வருட முடிவுக்குள் நிறைவேற வேண்டும். அதற்கு முன் உங்கள் தாள் வந்து சேர்ந்தால், நானே உங்களோடு வந்து தவிசாளரின் மேசையில் வைக்கிறேன்.