கன்னி ஆட்டுக்கு வங்காளக் கிடா தேவையா?

கேள்வி: மானூர் பக்கம் கன்னி என்ற இனத்து வெள்ளாடுகள் 18 வளர்க்கிறேன். சில ஆடுகள் ஈற்றுக்கு ஈற்று இரட்டை போடுகின்றன. சில ஒற்றையோடு நின்றுவிடுகின்றன. அதிகக் குட்டி போடும் மரபணு வங்காளத்துக் கருப்பு ஆட்டில் இருப்பதாகச் சொல்லி, ஒரு வியாபாரி கிடா தர முன்வருகிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் அண்ணாச்சி. ஓர் ஈற்றில் எத்தனை குட்டி என்பது, பருவத்துக்கு வந்த பெட்டை எத்தனை கருமுட்டை விடுகிறது என்பதில் இருக்கிறது. கிடாவின் குணம் அதன் மகள்கள் ஈனும்போதுதான் தெரியும். இன்று சேர்த்தால் ஐந்து மாதத்தில் மகள் பிறந்து, வளர்ந்து, சினையாகி ஈன்றெடுக்க ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகும்.

வியாபாரி சொல்லும் மரபணு இருக்கிறது. ஆனால் அது உறுதியாகத் தெரிந்திருப்பது செம்மறியில். சுந்தரவனத்துக் காரோல் செம்மறியில் பிஎம்பிஆர்1பி என்ற ஒரே மரபணுவில் உள்ள சிறு மாற்றம் கருமுட்டைகளைக் கூட்டுகிறது. ஆஸ்திரேலியாவின் பூரூலா மெரினோவில் இருப்பதும் இதே மாற்றம்தான். அதைக் கண்டுபிடித்தது 2001-ல். அந்த மரபணுவையும், ஜிடிஎஃப்9, பிஎம்பி15 என்ற வேறு இரண்டு மரபணுக்களையும் வெள்ளாட்டு இனங்கள் பலவற்றில் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டார்கள். இனத்துக்கு இனம் வேறுபாடு கிடைக்கிறது. ஆனால் ஓர் இனத்தில் இரட்டைக் குட்டியோடு ஒட்டி வரும் மாற்றம் இன்னோர் இனத்தில் பல நேரம் ஒட்டுவதில்லை. ஆகவே ஒரு மரபணுவின் பெயரைச் சொல்லி வெள்ளாட்டுக் கிடாவுக்கு விலை கூட்டுவதை நான் ஏற்கமாட்டேன்.

கருப்பு வங்காள ஆடு நிறையக் குட்டி போடும் என்பது நிஜம். ஆனால் அது சிற்றுடம்பு, பாலும் குறைவு; மடிக்கு முண்டி முண்டித் தோற்கும் மூன்றாவது குட்டியைப் பிழைக்க வைப்பது பெரும்பாடு. உங்கள் கன்னியின் உயரத்தையும் எடையையும் அதற்காக இழக்காதீர்கள். இரட்டை போடும் குணம் உங்கள் தொழுவத்திலேயே இருக்கிறது.

அதை நாமே கழித்துக்கட்டுகிறோம் என்பதுதான் என் கவலை. ஒற்றையாய்ப் பிறந்த குட்டி தாய்ப்பால் முழுவதையும் குடித்துக் கொழுகொழுவென்று வளரும். அதைக் கண்டு மயங்கி, "இதுதான் கிடாவுக்கு" என்று நிறுத்திவிடுகிறோம். இரட்டையில் நன்றாய் வந்த கிடாவோ கோயில் கொடைக்கோ மேலப்பாளையம் சந்தைக்கோ போய்விடுகிறது. இனி, மூன்று ஈற்றிலும் இரட்டை போட்டு இரண்டையும் வளர்த்தெடுத்த தாயின் மகனை நிறுத்துங்கள். நோட்டில் எழுத வராவிட்டால் தொழுவக் கதவில் ஆட்டுக்கு ஒரு வரிசையாகக் கரிக்கோடு போடுங்கள். குட்டி எண்ணிக்கையில் மரபின் பங்கு சுமார் 10 சதவீதம்தான். அதனால் ஓர் ஈற்றை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது.

மீதியில் பெரும்பகுதி தீனி, வயது, உடல்நிலை. தலையீற்றில் ஒற்றை போட்டதற்காக எந்த ஆட்டையும் விற்றுவிடாதீர்கள். ஒற்றை போடும் ஆடுகளின் முதுகைத் தடவிப் பாருங்கள். எலும்பு கூராக விரலில் தட்டினால் அது தீனிக் குறை. கிடா சேர்ப்பதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே மேய்ச்சலுக்கு மேல் ஆட்டுக்குத் தினம் 200 கிராம் அடர்தீவனம் கொடுங்கள். உடைமரத்து நெற்று கிடைக்கும் காலத்தில் அதையும் பொறுக்கி வந்து போடலாம்.

நிறுத்திய கிடாவை அதன் மகள்கள் பருவத்துக்கு வருமுன் மாற்றிவிடுங்கள். பக்கத்து ஊரில் இதேபோல் கணக்கு வைத்திருப்பவரோடு கிடாவுக்குக் கிடா மாற்றிக்கொண்டால் காசும் செலவாகாது.