புது டிவிக்கு 15,000 ரூபாயில் சரவுண்டு: வாசகர் கேள்விகள்

கேள்வி: தீபாவளிக்கு 55 இஞ்ச் டிவி வாங்கினோம். படம் அருமை, பேச்சுதான் புரியவில்லை. மாமனாருக்கு 78 வயது. அவருக்காகச் சத்தத்தைக் கூட்டினால், சண்டைக் காட்சி வந்ததும் தூங்கும் குழந்தை அலறி எழுந்துவிடுகிறது. 15,000 ரூபாய்க்குள் சரவுண்டு சிஸ்டம் வாங்க நினைக்கிறோம். பக்கத்துக் கடையில் 7,500 ரூபாய்க்கே ஐந்து ஸ்பீக்கரும் அடித்த சத்தத்துக்கான ஒரு சப்வூஃபரும் கொண்ட 5.1 செட் இருக்கிறது. அதையே வாங்கலாமா? வாடகை வீடு, சுவரில் ஆணி அடிக்க முடியாது. ஹால் 11-க்கு 14 அடி. (வாசகி, கும்பகோணம்)

பதில்: அந்த 7,500 ரூபாய் செட் வேண்டாம் அம்மா. ஏன் என்று சொல்லிவிடுகிறேன், கடையில் பேசும்போது உதவும்.

படத்துக்கு 5.1 ஒலிக்கலவை செய்கிறவர்கள் வசனத்தில் பெரும்பகுதியை நடுவில் இருக்கும் சென்டர் ஸ்பீக்கருக்குத்தான் அனுப்புவார்கள். இசை இடம் வலமாகப் பிரியும். மழை, கூட்டத்தின் இரைச்சல் எல்லாம் பின்னாலிருந்து வரும். உங்கள் டிவியில் இருப்பதோ சின்ன ஸ்பீக்கர்கள். டிவி மெலிந்துபோனதால் அவையும் பெரும்பாலும் உங்களைப் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி இருக்கும். ஆறு வழியில் வர வேண்டியதை இரண்டில் அடக்கும்போது முதலில் அமுங்குவது பேச்சுதான். அதோடு, வசனம் சன்னமாகவும் சண்டை பலமாகவும் இருப்பது தியேட்டருக்காகச் செய்த கலவையின் இயல்பு. ஆக, உங்கள் வீட்டுக்குத் தேவை இரண்டு: தனி சென்டர் ஸ்பீக்கர், இரவில் பலத்த சத்தத்தை அடக்கி மெல்லிய பேச்சைத் தூக்கிக் கொடுக்கும் 'நைட் மோட்'.

இப்போது அந்த 7,500 ரூபாய் செட்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்பும் வெள்ளையுமாக ஒரு ஆக்ஸ் இன்புட், புளூடூத், யூஎஸ்பி, எஃப்எம் ஆண்டெனா. இவ்வளவுதான் இருந்தால், ஆறு வழிச் சத்தத்தையும் சுருக்கி அனுப்பும் 'டால்பி டிஜிட்டல்' முறையைப் பிரித்தெடுக்கும் டீகோடர் உள்ளே கிடையாது. உள்ளே போவதே இரண்டு சேனல், அதாவது இடம், வலம் என்ற இரண்டு ஒலித்தடம். அதைத்தான் ஐந்து ஸ்பீக்கருக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது. நம்மூர் அசெம்பிள் கடைகளில் இந்த வேலையைச் செய்யும் சர்க்யூட்டை 'ப்ரோலாஜிக் போர்டு' என்று பொதுவாகச் சொல்வார்கள். பாட்டுக் கேட்க அது குறையில்லை, ஹால் நிறைந்துவிடும். ஆனால் திரையில் பேசுகிறவரின் குரல் உங்கள் முதுகுக்குப் பின்னாலும் கேட்கும். காது மந்தமான பெரியவருக்கு இதைவிடச் சிரமம் வேறில்லை.

பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் பிஎம்பிஓ வாட்ஸைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள், அதை அளக்கப் பொது முறை எதுவும் கிடையாது. ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட்ஸ், எவ்வளவு என்று கேளுங்கள். அதற்கும் ஒரு சரிபார்ப்பு உண்டு: பின்பக்க ஸ்டிக்கரில் மின் நுகர்வு எத்தனை வாட்ஸ் என்று அச்சிட்டிருப்பார்கள். 50 வாட்ஸ் மட்டும் கரண்ட் இழுக்கிற பெட்டி 500 வாட்ஸ் சத்தத்தைத் தொடர்ந்து தர வழியே இல்லை. பெரிய கம்பெனிப் பெட்டிகளையும் இப்படிப் பாருங்கள். 11-க்கு 14 அடி ஹாலுக்கு நிஜமான 50, 60 வாட்ஸே தாராளம், அதனால் அந்த எண்ணுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

15,000 ரூபாயை ஒட்டி, முன்னால் ஒரு பார், ஒரு சப்வூஃபர், வயர் போட்ட இரண்டு பின் ஸ்பீக்கர் என்று வரும் 5.1 சவுண்ட்பார் செட்டுகள் கிடைக்கின்றன. தள்ளுபடிக் காலத்தில் இன்னும் கொஞ்சம் குறையும். மூன்றைப் பார்த்து வாங்குங்கள்: ஹெச்டிஎம்ஐ ஏஆர்சி சாக்கெட் (டிவியின் சத்தத்தை பாருக்குக் கொண்டுவரும் வழி) இருக்க வேண்டும், பெட்டியில் 'டால்பி டிஜிட்டல்' என்று போட்டிருக்க வேண்டும், பாருக்குள் சென்டருக்கென்று தனி ஸ்பீக்கர் இருக்க வேண்டும். முன்னே சொன்ன நைட் மோடும் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்த விலையில் 'அட்மாஸ்' ஸ்டிக்கருக்கு மயங்க வேண்டாம். தலைக்கு மேலிருந்து சத்தம் வர, கூரையைப் பார்த்த ஸ்பீக்கராவது வேண்டும். இடம், வலம், சப்வூஃபர் மட்டும் உள்ள வெறும் 2.1 பாரில் அது இருக்காது, இருப்பதைக் கொண்டு பாவனை செய்வார்கள்.

கடையில் டெமோ என்றால் குண்டு வெடிக்கும் காட்சியைத்தான் போடுவார்கள். நீங்கள் செய்தி வாசிப்பதைப் போடச் சொல்லுங்கள். அப்புறம், பின்னணி இசையோடு இரண்டு பேர் மெல்லப் பேசும் காட்சி ஒன்று. முடிந்தால் மாமனாரைக் கூட்டிப் போங்கள். கண்ணை மூடிக்கொண்டு அவர் வார்த்தைக்கு வார்த்தை திருப்பிச் சொன்னால் அந்த செட்டை வாங்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. டிவியின் ஹெச்டிஎம்ஐ ஓட்டைகளில் பெரும்பாலும் ஒன்றில்தான் 'ஏஆர்சி' அல்லது 'இஏஆர்சி' என்று எழுதியிருக்கும். கேபிளை அதில்தான் செருக வேண்டும். பிறகு டிவி செட்டிங்கில் சவுண்ட் பகுதிக்குப் போய் 'டிஜிட்டல் அவுட்புட்' என்ன என்று பாருங்கள். 'பிசிஎம்' என்றிருந்தால் ஏஆர்சி வழியாக இரண்டு சேனல்தான் போகும், பின் ஸ்பீக்கர்கள் வாங்கியதற்குப் பலனே இராது. 'ஆட்டோ' அல்லது 'டால்பி டிஜிட்டல்' என்று மாற்றுங்கள். சிஇசி வசதியையும் ஆன் செய்யுங்கள், டிவி ரிமோட்டிலேயே சத்தத்தைக் கூட்டலாம், பெரியவருக்கு இரண்டு ரிமோட் தொல்லை இராது. சாம்சங் டிவியில் அதன் பெயர் அனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க்.

பாரை ஷோகேஸ் தட்டுக்குள்ளே தள்ளி வைக்காதீர்கள், விளிம்புக்கு இழுத்து வையுங்கள். பின் ஸ்பீக்கர்கள் நேர் முதுகுக்குப் பின்னால் வேண்டியதில்லை. உட்காரும் இடத்துக்கு இருபுறமும், கொஞ்சம் பின்தள்ளி, காது மட்டத்திலோ ஓரடி மேலோ இருந்தால் போதும். சோபா சுவரை ஒட்டி இருந்தால் இரண்டு பக்கமும் ஸ்டூல் போட்டு, ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி வையுங்கள். ஆணி தேவையே இல்லை. வயரை சுவரோரமாக, தரைப்பட்டியை ஒட்டி டேப் போட்டுக் கொண்டு போங்கள். பெரியவர் நடக்கும் வழியில் மட்டும் எந்தக் காரணத்தைக் கொண்டும் குறுக்கே விடாதீர்கள். வாசல் குறுக்கிட்டால் நிலைச்சட்டத்தின் மேலாகச் சுற்றிக் கொண்டுவாருங்கள், வயர் போதாவிட்டால் இரண்டு மீட்டர் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம்.

சப்வூஃபரை மூலையில் வைத்தால் 'கும்' என்று ஒரே முழக்கமாக வரும், பேச்சை மறுபடி மூடிவிடும். மூலையிலிருந்து இரண்டடி தள்ளி வையுங்கள். டைல்ஸ் தரை, வெறும் சுவர் என்றால் எதிரொலிக்கும். சோபாவுக்கு முன்னால் ஒரு ஜமுக்காளம், ஜன்னலுக்குக் கனமான திரை, இந்த இரண்டும் பேச்சை எவ்வளவு தெளிவாக்கும் என்பதைக் கேட்டுப் பார்த்தால்தான் நம்புவீர்கள்.

கேள்வி: சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பல வருஷம் முன்பு அசெம்பிள் செய்த 5.1 ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது, பின்னால் ஆறு ஆர்சிஏ இன்புட் (வட்ட சாக்கெட்). புது டிவியில் ஒளி வழியே சத்தம் அனுப்பும் ஆப்டிகலும் ஹெச்டிஎம்ஐயும்தான். தூக்கிப் போட்டுவிட்டு சவுண்ட்பார் வாங்கச் சொல்கிறான் மகன். (வாசகர், திருநெல்வேலி)

பதில்: தூக்கிப் போடாதீர்கள் சார். நல்ல டிரான்ஸ்ஃபார்மரும் மரப்பெட்டி ஸ்பீக்கரும் இருந்தால், இன்றைய பிளாஸ்டிக் பார்கள் அதன் பக்கத்தில் நிற்கா. ஆப்டிகலும் ஏஆர்சியும் உள்ளே வாங்கி, ஆறு ஆர்சிஏ வெளியே தரும் 5.1 டீகோடர் பெட்டி அதே ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். டிவியை 'டால்பி டிஜிட்டல்' என்று வைத்தால் உங்கள் ஆம்ப்ளிஃபையருக்கு உண்மையான ஆறு சேனல் போய்ச் சேரும். சில நூறு ரூபாய்க்கு விற்கும் சின்ன ஆப்டிகல் மாற்றியை டீகோடர் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். அது ஸ்டீரியோவுக்கு மட்டும்தான். பெரும்பாலானவற்றில் டிவியை 'பிசிஎம்'மில் வைக்காவிட்டால் சத்தமே வராது. மகனை ஒரு நாள் கேட்கச் சொல்லிவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: டிவியோடு ஸ்பீக்கரைப் புளூடூத்தில் இணைத்தால் உதடு முன்னால், சத்தம் பின்னால் வருகிறது. (வாசகர், ஓசூர்)

பதில்: சத்தத்தைச் சுருக்கி அனுப்பி, மறுமுனையில் விரித்து எடுக்க நேரம் பிடிக்கிறது. படத்தையும் சத்தத்தையும் பொருத்த டிவியில் உள்ள 'ஏவி சிங்க்' பெரும்பாலும் சத்தத்தை இன்னும் தாமதிக்கத்தான் பயன்படும், முந்த வைக்காது. வயர் போடுங்கள். புளூடூத்தில் வழக்கமாக ஸ்டீரியோதான் போகும் என்பதால் 5.1 வைத்திருப்பவர்களுக்கும் இதே பதில்தான்.

கேள்வி: வீட்டில் சீரியலும் செய்தியும் மட்டும்தான். 5.1 தேவையா? (வாசகி, காரைக்குடி)

பதில்: தேவையில்லை. அந்த நிகழ்ச்சிகள் பெரும்பாலும் ஸ்டீரியோவில்தான் வருகின்றன. ஏஆர்சி உள்ள, 'வாய்ஸ்' மோட் கொண்ட ஒரு சின்ன பார் போதும். மிச்சப் பணத்தில் ஹால் ஜன்னலுக்கு நல்ல கனமான திரை வாங்குங்கள்.