சிங்கராஜக் காட்டுக்குப் போக எஃப்.டி.யை உடைக்கலாமா?

கேள்வி: பாளையங்கோட்டையில் அரசு உதவிபெறும் பள்ளி ஆசிரியர் நான், வயது 51. கூந்தன்குளத்தில் இருபது வருடமாகப் பறவை பார்த்து வருகிறேன். வரும் மே விடுமுறையில் மனைவியுடன் இலங்கைக்கு ஒன்பது நாள் பறவைப் பயணம் போக ஆசை. டூர்காரர் இருவருக்கும் சேர்த்து 3.9 லட்சம் கேட்கிறார். இப்போதே முழுத் தொகையும் கட்டினால் 10 சதவீதம் தள்ளுபடி. என்னிடம் 6 லட்சம் எஃப்.டி. இருக்கிறது. ஜூன் மாதம் முதிர்கிறது, மகளின் பொறியியல் படிப்புக்காகப் போட்டது. அதை உடைக்கலாமா, நகைக்கடன் வாங்கலாமா? 2 லட்சத்துக்கு ஒரு லென்ஸையும் இ.எம்.ஐ.யில் வாங்க நினைக்கிறேன். செலவு போக மாதம் 25,000 மிஞ்சும்.

பதில்: பணத்துக்கு அப்புறம் வருகிறேன் சார். முதலில் மே மாதத்தைப் பார்ப்போம்.

உங்களுக்கு மே மாதம் விடுமுறை, பறவைகளுக்கும் அப்படித்தான். குளிர்காலத்தில் நம் ஊர்த் தோட்டங்களுக்கு வரும் ஆறுமணிக்குருவி இலங்கைக்கும் போகிறது. நுவரெலியாவின் விக்டோரியா பூங்காவில், ஓடையோரச் சருகைக் கிளறிக்கொண்டு நிற்கும். காஷ்மீரில் கூடு கட்டும் ஈப்பிடிப்பான் ஒன்றும் குளிர்காலத்துக்கு அந்த மலைக்குத்தான் வருகிறது. மே மாதத்தில் இவை எல்லாம் வடக்கே திரும்பியிருக்கும். நீல மாக்பை, பச்சை அலகுச் செண்பகம் போன்ற இலங்கைக்கே உரிய பறவைகள் எங்கும் போகாதுதான். ஆனால் அவை இருக்கும் சிங்கராஜ மழைக்காட்டில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும் நேரம் அது. டூர்காரர் தள்ளுபடி தருவதில் ஆச்சரியம் இல்லை.

ஜனவரியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். பொங்கல் விடுமுறையோடு சில நாள் ஈட்டிய விடுப்பைச் சேர்த்தால் ஒன்பது நாள் வந்துவிடும். பொங்கலுக்கு வீட்டில் இல்லாமலா என்று மனைவி கேட்டால், நுவரெலியாவின் தோட்டத் தமிழர்களும் பொங்கல் வைக்கிறார்கள் என்று சொல்லுங்கள். வரும் ஜனவரியைச் சொல்லவில்லை, அதற்கு அடுத்த ஜனவரி. இன்னும் 14 மாதம் இருக்கிறது.

தேதி முடிவானால் பணத்தை எங்கே வைப்பது என்பதும் முடிவாகிவிடும். மாதம் 21,000 ரூபாய்க்கு ஓர் ஆர்.டி. போடுங்கள். 6.5 சதவீத வட்டி என்று வைத்தால் 14 மாதத்தில் சுமார் 3,06,000 கையில் இருக்கும். பங்குச்சந்தை ஃபண்ட் வேண்டாம். 14 மாதம் அதற்குப் போதாது, சந்தை இறங்கியிருக்கிறது என்று ஆறுமணிக்குருவி காத்திருக்காது. மகள் கல்லூரியில் சேரும் மாதத்தில் கை கடித்தால் ஒரு தவணையைத் தாமதமாகக் கட்டிக்கொள்ளலாம், அபராதம் சிறிதுதான்.

எஃப்.டி.யைத் தொடாதீர்கள். மே மாதம் டூர், ஜூன் மாதம் கல்லூரிக் கட்டணம். நடுவில் இருப்பது சில வாரம்தான். நகைக்கடன் பற்றிக் கேட்டீர்கள். மனைவியின் வளையலை அடகு வைத்து மைனா பார்க்கப் போவதா? அந்த ஒன்பது நாளும் வளையலைப் பற்றித்தான் பேச்சாக இருக்கும்.

தள்ளுபடியையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 39,000 மிச்சம். 3.51 லட்சத்துக்கு ஆறு மாத வட்டி 7 சதவீதத்தில் சுமார் 12,300, எஃப்.டி.யை முன்கூட்டி உடைத்தால் அதற்குக் கொஞ்சம் பிடிப்பார்கள். ஆக காகிதத்தில் தள்ளுபடிதான் லாபம், மறுக்கவில்லை. ஆனால் 25,000 சொச்சத்துக்காக மூன்றரை லட்சத்தை ஆறு மாதம் இன்னொருவர் கையில் விட்டு வைக்கிறீர்கள். அவர் கடையை மூடினால் என்ன செய்வீர்கள்? முன்பணமாகக் கால்வாசிக்கு மேல் யாருக்கும் கொடுக்காதீர்கள். ரத்து செய்தால் எவ்வளவு திரும்ப வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

உண்மையில் பேக்கேஜே தேவையா என்று பாருங்கள். மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம் இருக்கிறது. டிரைவரோடு ஒரு கார், கித்துல்கலையிலும் சிங்கராஜவிலும் மட்டும் உள்ளூர் வழிகாட்டி, நுவரெலியாவில் இரண்டு இரவு, ஹோர்ட்டன் சமவெளியில் ஒரு விடிகாலை, கடைசியில் புந்தல உப்பேரிகள். யாலவில் சிறுத்தைக்காக ஜீப்புக்குக் கொடுப்பது பறவைக்காரருக்கு அவ்வளவு அவசியமில்லை. இப்படிப் போட்டால் அவசரத்துக்கு ஒதுக்குவது உட்பட 3 லட்சத்துக்குள் முடியும் என்பது என் கணக்கு.

இதில் வரியும் வருகிறது. டிக்கெட், தங்குமிடம் போன்றவற்றில் குறைந்தது இரண்டு சேர்ந்திருந்தால்தான் அது வெளிநாட்டுச் சுற்றுலாப் பேக்கேஜ், அதற்கு டி.சி.எஸ். (விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுவதால், கட்டும் அன்று எவ்வளவு என்று கேளுங்கள். அந்தப் பணம் போய்விடாது. உங்கள் வரிக் கணக்கில் ஏறியிருக்கும், ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம்.

அங்கே செலவழிக்க மூன்று வழி. 2024 பிப்ரவரியிலிருந்து இலங்கையில் யு.பி.ஐ. ஓடுகிறது, க்யூ.ஆர். இருக்கும் கடைகளில் போதும். கிரெடிட் கார்டு அவசரத்துக்கு மட்டும், பல கார்டுகளில் மூன்றரை சதவீதம் வரை மார்க்கப்பும் (வெளிநாட்டுச் செலவுக்கான கூடுதல் கட்டணம்) அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் உண்டு. காட்டோரக் கிராமங்களுக்குக் கையில் ரொக்கம் வேண்டும். இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவருக்குத் தனிக் கட்டணம் வைத்திருக்கும் இடங்களும் உண்டு, டிக்கெட் கவுண்டரில் பாஸ்போர்ட்டை நீட்டிக் கேட்டுவிடுங்கள். பயணக் காப்பீட்டில் சர்க்கரை, பிரஷர் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள்.

லென்ஸ் வேண்டாம். ஆசை தீரவில்லையென்றால் அந்த ஒன்பது நாளைக்கு வாடகைக்கு எடுங்கள். சிங்கராஜவில் அரை மணி நேரம் ஒரு சத்தமும் இருக்காது, காலில் ஏறும் அட்டையைத் தட்டிக்கொண்டு நிற்பீர்கள். திடீரென்று சிலம்பனும் கரிச்சானும் முன்னால் வர, பல இனப் பறவைகள் ஒரே கூட்டமாய்த் தலைக்கு மேல் இரைந்து போகும். ஐந்து நிமிடம்தான். அதற்குள் அந்தப் பாரத்தைத் தூக்கிக் குறிபார்க்க முடியாது. 8×42 பைனாகுலர் போதும். ஆனால் இரண்டாக வாங்குங்கள் சார். ஒன்றை வைத்துக்கொண்டு "எங்கே, எங்கே" என்று மாற்றி மாற்றி வாங்கினால், மனைவியின் முறை வரும்போது மாக்பை போயிருக்கும்.