வரி கட்டிடறேன், வேப்பை குடுங்கன்னு கேட்டா குடுப்பாங்களா?

கேள்வி: சார், வெளிநாட்டு வெப்சைட் ஒண்ணுல தூக்கிப்போடுற டைப் வேப் (இ-சிகரெட்) நாலு, அதுக்கு ஊத்தற ரீஃபில் பாட்டில் ரெண்டு ஆர்டர் போட்டேன். ஏர்போர்ட்டுல கஸ்டம்ஸ் புடிச்சு வெச்சுட்டாங்க, நேர்ல வரச்சொல்லி சம்மன் வந்திருக்கு. அனுப்பினவன் பார்சல் மேல மொபைல் சார்ஜர்னு எழுதியிருக்கான், எனக்கே இப்பதான் தெரியுது. முழு டியூட்டியும் கட்ட ரெடி. சிகரெட்டுக்கு வரி வாங்கிட்டு பெட்டிக்கடை வரைக்கும் விக்க விடுறாங்க, லண்டன்ல வேப் கடையே இருக்கு, இதுக்கு மட்டும் ஏன் தடை? கோர்ட்டுக்குப் போகலாமா? சின்னதா ஒரு வேப் கடை போடவும் இடம் பாத்து வெச்சிருக்கேன்.

பதில்: தம்பி, ஒரே கடுதாசில மூணு பிரச்சனைய போட்டிருக்கீங்க, அதுல அவசரம் சம்மன்தான், ஆனா உங்க கோவம் பூரா வரி மேல இருக்கறதால அதையே மொதல்ல சொல்லிடறேன்.

வரிங்கறது வேற, அனுமதிங்கறது வேற. சட்டம் அனுமதிச்ச சரக்கா இருந்தா டியூட்டி கட்டி எடுத்துட்டு வரலாம், தடை பண்ண சரக்குக்கு நீங்க பத்து மடங்கு கட்டறேன்னாலும் ஆபீசர் அதை வாங்கிட்டு விட முடியாது, அவருக்கு அந்த அதிகாரத்த யாரும் குடுக்கல. நம்ம நாட்டுல இ-சிகரெட்டத் தடை பண்ணி 2019 செப்டம்பர் 18-ல அவசரச் சட்டம் வந்துச்சு, அந்த டிசம்பர்லயே பார்லிமெண்ட் முழுச் சட்டமா ஆக்கிட்டாங்க. தயாரிக்கறது, இறக்குமதி, ஏற்றுமதி, கொண்டு போறது, விக்கறது, விளம்பரம் எல்லாமே குத்தம். நிக்கோட்டின் இல்லாத ஃப்ளேவர் மட்டும்தான்னு சொல்லித் தப்பிக்க முடியாது, ஏன்னா நிக்கோட்டின் இருந்தாலும் இல்லாட்டியும்னு விளக்கத்துலயே எழுதி வெச்சிருக்காங்க, தனித்தனி பார்ட்டா வரவழைச்சாலும் அதே கதைதான். மொத தடவைக்கு ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல ஒரு லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். மறுபடி மாட்டினா மூணு வருஷம், அஞ்சு லட்சம் வரைக்கும் போகும்.

"நான் விக்கலயே சார், எனக்குத்தானே வாங்கினேன்" அப்படிம்பீங்க. வேப் பிடிக்கறதை, அதாவது புகைக்கறதை, குத்தம்னு அந்தச் சட்டம் நேரா சொல்லலைங்கறது வாஸ்தவம். ஆனா வெளிநாட்டுல இருந்து தருவிச்சா அது இறக்குமதி, நாலா நானூறாங்கற கேள்வியே அங்க வராது. எண்ணிக்கை கம்மின்னா தண்டனையோட அளவுல வேணா பேசலாம்.

இப்ப லண்டன் கதைக்கு வருவோம். அங்க விக்கறாங்க, ஆமா, ஆனா நிக்கோட்டின் ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாது, ரீஃபில் பாட்டில் 10 மில்லியத் தாண்டக்கூடாது, 10 மில்லிக்கு 2.20 பவுண்டு வரியும் 2026 அக்டோபர் 1-ல இருந்துன்னு அறிவிச்சிருக்காங்க. வேடிக்கை என்னன்னா, நீங்க ஆர்டர் போட்ட தூக்கிப்போடுற டைப்ப அங்கயே 2025 ஜூன் 1-ல இருந்து கடைல விக்கக்கூடாதுன்னு நிறுத்திட்டாங்க!

தடை சரியா, வரி சரியான்னு என்னைக் கேட்டீங்கன்னா, எனக்கே மனசுல ரெண்டு பக்கமும் இருக்கு. தடை போட்டும் சரக்கு ரகசியமா ஓடிட்டுதான் இருக்கு, அதுல என்ன கலந்திருக்குன்னு பாக்க ஆளில்ல, அரசுக்கும் வருமானம் இல்ல, சிகரெட்ட விட நினைக்கறவனுக்கு அந்த வழியும் அடைப்பு. இன்னொரு பக்கம், மாம்பழ வாசனைல கலர் கலரா வந்தா அது யாரைக் குறி வெச்சுன்னு ஒரு புள்ளையப் பெத்தவனா எனக்குத் தெரியும், வரியப் போட்டு விலைய ஏத்தினாலும் காசு இருக்கற வீட்டுப் பையன் வாங்கத்தான் செய்வான். ஆனா இந்த வாதம் பார்லிமெண்டுக்கு. கோர்ட்டுல போயி "சிகரெட்ட விட்டுட்டு இதை மட்டும் தடுத்தது சமத்துவம் இல்ல"ன்னா, எல்லாக் கெடுதலையும் ஒரே நாள்ல தடுக்கணும்னு பார்லிமெண்ட்டக் கட்டாயப்படுத்த முடியாதுன்னு நீதிபதிங்க ரொம்ப காலமா சொல்லிட்டு வர்றாங்க. தொழில் பண்ற உரிமை இருக்கேன்னா, பொது நலனுக்காக அதுக்கு நியாயமான கட்டுப்பாடு போடலாம்னு அரசியல் சட்டத்தோட 19-வது ஷரத்துலயே இருக்கு. நாலு வேப்புக்காக அவ்வளவு செலவு பண்ணி ஐகோர்ட்டுல ரிட் மனு போடாதீங்க, நான் ஃபீஸ் வாங்கற ஆளு, நானே சொல்றேன்.

சரி, சம்மன். போகாம இருந்துடாதீங்க. கஸ்டம்ஸ் சட்டம் 108-வது பிரிவுல நீங்க குடுக்கற ஸ்டேட்மெண்ட்ட சாட்சியமா எடுத்துக்குவாங்க, பொதுவா கோர்ட்டுல எடுபடாத, போலீஸ்கிட்ட குடுக்கற வாக்குமூலம் மாதிரி நெனைச்சு அலட்சியமா கையெழுத்துப் போட்டுட்டு அப்புறம் மாத்திக்கலாம்னு இருக்காதீங்க. படிச்சுப் பாத்துட்டு போடுங்க. முக்கியமா அந்த மொபைல் சார்ஜர் விஷயம். அது நான் எழுதலன்னா அதை அப்படியே சொல்லுங்க, ஆர்டர் போட்ட ஸ்கிரீன்ஷாட், பணம் கட்டின ரசீது, விக்கறவனோட நடந்த சாட் எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்துட்டு போங்க, ஒண்ணையும் அழிக்காதீங்க. பயத்துல "ஆமா சார்ஜர்தான் கேட்டேன்"னு ஒரு பொய்யச் சொன்னா இப்ப இருக்கற கேஸோட பொய் சொன்ன கேஸும் சேரும்.

அடுத்து சரக்க ஏன் பறிமுதல் பண்ணக்கூடாதுன்னு நோட்டீஸ் வரும், சொன்ன தேதிக்குள்ள எழுத்துல பதில் குடுங்க, நேர்ல விசாரணை வேணும்னும் கேளுங்க. சரக்கு திரும்ப வரும்னு நம்பாதீங்க. நம்ம குறி பெனால்டிய குறைக்கறது. தடை பண்ண சரக்குன்னா அதோட மதிப்பு, இல்லன்னா 5,000 ரூபா, ரெண்டுல எது ஜாஸ்தியோ அது வரைக்கும் போடலாம். உத்தரவு கைக்கு வந்து 60 நாளுக்குள்ள அப்பீல் போகலாம். பெனால்டி கட்டிட்டா அந்த 2019 சட்டத்துல கிரிமினல் கேஸ் போடவே மாட்டாங்கன்னு நினைக்காதீங்க, ரெண்டும் தனித்தனி. அதனால உள்ளூர் வக்கீல் ஒருத்தரக் கூட வெச்சுக்கிட்டு ஆஜராகுங்க.

கடை விஷயம்: வேண்டாம். இடத்துக்காரர்கிட்ட எதுக்குன்னு சொல்லிட்டீங்களா? தெரிஞ்சே ஸ்டாக் வைக்க இடம் குடுத்தா அவருக்கும் ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல 50,000 வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும் இருக்கு. அக்ரிமெண்ட்ல இன்னும் கையெழுத்து ஆகலன்னா இன்னிக்கே போன் பண்ணி வேப் கடை போடல, வேற வியாபாரம்தான் பண்ணப்போறேன்னு சொல்லுங்க, அட்வான்ஸ் குடுத்திருந்தா ரசீதோட ஒரு காப்பிய எனக்கு அனுப்புங்க, பாத்துட்டு சொல்றேன்.