பிஜிஎம்பி படிக்க 8 சவரன அடகு வெக்கலாமா?

கேள்வி: அண்ணா, எனக்கு 42 வயசு. காலடிப்பேட்டைல லோன்ல வாங்குன வீடு, மணலில ஒரு கான்ட்ராக்ட் கம்பெனில சீனியர் ப்ராஜெக்ட் மேனேஜர். கைக்கு 1,18,000 வருது, வீட்டு இஎம்ஐ 31,000. பிஎம்பி (ப்ராஜெக்ட் மேனேஜருக்கான சர்டிஃபிகேட்) முன்னாடியே முடிச்சிட்டேன். இப்போ பிஜிஎம்பி (ப்ரோக்ராம் மேனேஜருக்கான சர்டிஃபிகேட்) பண்ணா கல்ஃப்ல பெரிய போஸ்ட்டுக்கு போலாம்னு ஒரு கோச்சிங் சென்டர்ல சொல்றாங்க, ஃபீஸ் 1,85,000, நோ காஸ்ட் இஎம்ஐயும் இருக்காம். வீட்டுக்காரம்மா நகை 8 சவரன அடகு வெச்சு கட்டிடலாமா? பொண்ணு அடுத்த வருஷம் ப்ளஸ் டூ.

பதில்: தம்பி, நகை பீரோலயே இருக்கட்டும், அத எடுக்கற அளவுக்கு இதுல கட்டாய செலவே இல்ல. அந்த 1,85,000-ல பரீட்சை ஃபீஸ் எவ்ளோ, கிளாஸுக்கு எவ்ளோன்னு தனியா பிரிச்சு கேட்டீங்களா? பிஎம்பிக்கு 35 மணி நேரம் கிளாஸ் போனதா காட்டணும், அந்த பழக்கத்துல இதுக்கும் கிளாஸ் போயே ஆவணும்னு நெனச்சிக்கினீங்க போல, ஆனா பிஜிஎம்பிக்கு அப்டி ஒரு ரூல் கெடையாது, நீங்களே புக்கு வாங்கி படிச்சிட்டு போய் எழுதலாம், யாரும் கேக்க மாட்டாங்க.

பரீட்சை நடத்தற பிஎம்ஐங்கற அமைப்பு வாங்கறது மெம்பருக்கு 800 டாலர், மெம்பர் இல்லன்னா 1,000. டாலர் 88 ரூபான்னு ஒரு கணக்குக்கு வெச்சா 70,400. கிரெடிட் கார்டுல கட்டினா பல பேங்க் 3.5% வரைக்கும் மார்க்அப் (வெளிநாட்டு காசுல கட்டறதுக்கு கூடுதல் சார்ஜ்) போடும், அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி, ஆக இன்னொரு 2,900 கிட்ட போயிடும், அதனால மார்க்அப் கம்மியா இருக்கற கார்டு யார்கிட்டயாவது இருக்கான்னு பாத்துக்கோங்க. ரேட்டு அப்பப்போ மாறும், லாகின் பண்ணி பாத்துட்டு கட்டுங்க. மிச்சம் லட்சத்துக்கு மேல போறது எல்லாம் சென்டர்காரங்களுக்கு தான்.

இதுல பெரிய தடை பரீட்சை இல்ல, அப்ளிகேஷன். டிகிரி இருந்தா கடைசி 15 வருஷத்துக்குள்ள 48 மாசம் ப்ரோக்ராம், அதாவது ஒண்ணோட ஒண்ணு சம்பந்தப்பட்ட பல ப்ராஜெக்ட்ட சேத்து மேனேஜ் பண்ண அனுபவம் வேணும் (ப்ராஜெக்ட் அனுபவத்துக்கு உங்க பிஎம்பியே போதும்). டிகிரி இல்லன்னா 84 மாசம். அத நீங்க கட்டுரை மாதிரி எழுதி குடுக்கணும், இதே வேலைல இருக்கற ஆளுங்க ஒரு பேனலா உக்காந்து படிச்சு ஓகே பண்ணா தான் 170 கேள்வி, 4 மணி நேரம் பரீட்சை. நெறைய பேரு இங்க தான் அடி வாங்கறாங்க, "நான் ஒரே நேரத்துல ஆறு சைட்டு பாத்தேன்"னு எழுதுவாங்க, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத ஆறு சைட்டுன்னா அது ஆறு ப்ராஜெக்ட், அவ்ளோ தான்.

மாதவரத்துல மெட்ரோ வேலை நடக்குதே, அதயே எடுத்துக்கோங்க. ரெண்டாவது கட்டம் மொத்தம் 118.9 கிலோமீட்டர், மூணு லைன்ல ரெண்டு அங்க இருந்து தான் கெளம்புது. ஒரு சுரங்க கான்ட்ராக்ட்ட மட்டும் டைமுக்கு முடிச்சு குடுக்கறவர் ப்ராஜெக்ட் மேனேஜர். சுரங்கம் மூணு மாசம் லேட்டானா ட்ராக்கு, சிக்னல், ட்ரெயின் டெலிவரி எல்லாம் எப்டி தள்ளும், அத மீறி ஜனங்களுக்கு எந்த ஸ்ட்ரெச்ச மொதல்ல தொறந்து விடலாம்னு முடிவு பண்ற எடத்துல இருக்கறவர் தான் ப்ரோக்ராம் ஆளு. உங்க கேஸ்ல ப்ளான்ட் ஷட்டவுன் வேலைல பைப்பிங் மட்டும் பாத்தீங்களா, இல்ல மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், இன்ஸ்ட்ருமென்டேஷன்னு தனித்தனி ப்ராஜெக்ட் மேனேஜர் உங்களுக்கு ரிப்போர்ட் பண்ணி, ப்ளான்ட் திரும்ப ஓடற தேதிக்கு நீங்க கிளையன்ட்டுக்கு பதில் சொன்னீங்களா? ரெண்டாவது தான்னா அந்த மாசங்கள கூட்டி பாருங்க, 48 வரலன்னா இந்த வருஷம் ஒரு ரூபா கூட எடுக்காதீங்க.

நோ காஸ்ட் இஎம்ஐங்கறது பல எடத்துல ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி உங்க பேர்ல போடற லோன். கிளாஸ் புடிக்காம நடுவுல நின்னாலும் லோன் நிக்காது, ஒரு டியூ தவறுனா சிபில்ல ஏறும். மொத்தமா கட்டினா எவ்ளோ கொறைப்பீங்கன்னு கேட்டு பாருங்க, அவங்க சொல்ற அந்த தள்ளுபடி தான் நீங்க கட்டப்போற வட்டி.

பாஸ் பண்ண பிறகும் செலவு இருக்கு, மூணு வருஷத்துக்குள்ள 60 பிடியூ (தொழில் சம்பந்தமா கத்துக்கறதுக்கு குடுக்கற பாயிண்ட்) சேத்து ரினியூவல் ஃபீஸ் கட்டணும். பிடியூவுக்கு பெருசா காசு ஆவாது, ஃப்ரீ வெபினாரே நெறைய இருக்கு, பிஎம்ஐயோட சென்னை கிளை மீட்டிங்குக்கும் போலாம், ஆளு பழக்கமும் ஆவும்.

கல்ஃப் வேலை விஷயத்துல சென்டர்காரன் பேச்ச நம்பாம, உங்க லைன்ல வர வேலை விளம்பரம் ஒரு இருபது எடுத்து பாருங்க, பிஜிஎம்பி கட்டாயம்னு எத்தனைல இருக்கு, இருந்தா நல்லதுன்னு எத்தனைல இருக்கு, பேச்சே இல்லாதது எத்தனை. எனக்கென்னவோ உங்க லைன்ல கடைசி வகை தான் நெறைய கெடைக்கும்னு தோணுது, ஆனா பாத்துட்டு நீங்களே முடிவு பண்ணுங்க.

எல்லாம் சரியா வந்தா மாசம் 10,000 ஒரு ஆர்டி போடுங்க, அப்ளிகேஷன் எழுதறதுக்கும் டைம் ஆவும், எட்டு மாசத்துல 80,000 கைல இருக்கும். பொண்ணு காலேஜுக்குன்னு சேத்தத தொடாதீங்க. சம்பளக்காரனுக்கு இந்த ஃபீஸ வருமான வரில கழிக்க வழியில்ல, அதனால மொதல்ல ஹெச்ஆருக்கு ஒரு மெயில் போட்டு கம்பெனி கட்டுமான்னு கேளுங்க. கட்டறோம்னு சொன்னா இத்தன வருஷம் வேலைய விடக்கூடாதுன்னு பாண்டு நீட்டுவாங்க, ரெண்டு வருஷம்னு போட்டிருந்தா கல்ஃப் அதுவரைக்கும் தள்ளிப்போகும், நடுவுல கெளம்புனா காச திருப்பி கட்டணும், அத வீட்ல பேசிட்டு கையெழுத்து போடுங்க.